திரும்ப இடம் இருக்கிறதா? மலையருகே பறக்கப் பழகுவோருக்கு: வாசகர் கேள்வி-பதில்

விமானப் பயிற்சி தொடர்பாக வந்த கேள்விகளில் மலை, பள்ளத்தாக்கு பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பதில்களில் வரும் எண்கள் பெரும்பாலும் செஸ்னா 172எஸ் விமானத்துக்கு உரியவை. வேறு ரகத்தில் பழகுபவர்கள் தங்கள் விமானத்தின் கையேட்டைப் பார்த்துக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சேலத்தில் பறக்கக் கற்றேன். மணிநேரம் சேர்ப்பதற்காக அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்குப் போகிறேன். செஸ்னா 172எஸ் 14,000 அடி வரை ஏறும் என்று கையேட்டில் இருக்கிறது. அங்குள்ள கணவாய்கள் 12,000 அடிதான். 2,000 அடி மிச்சம் இருக்கும்போது எதற்கு இத்தனை எச்சரிக்கை?
*(மாணவர், சேலம்)*

பதில்: அந்த 14,000 அடியில் விமானம் எப்படி ஏறும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கையேடு அதை சர்வீஸ் சீலிங் என்கிறது. அப்படியென்றால், நிமிடத்துக்கு 100 அடி மட்டுமே ஏற முடிகிற உயரம் என்று பொருள். அதுவும் புது எஞ்சின், நிலையான வெப்பநிலை, அசையாத காற்று என்ற கணக்கில். கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 730 அடி ஏறும் விமானம் இது. மேலே போகப் போக ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் 45 அடி குறைகிறது. 10,000 அடியில் 280 அடிதான் கிடைக்கும். 12,000 அடியில் 190. மலையின் காற்று மறைவுப் பக்கத்தில் நிமிடத்துக்கு 1,500 முதல் 2,000 அடி வரை கீழே இழுக்கும் காற்று அபூர்வமல்ல. அதற்கு எதிராக 190 அடி என்ன செய்துவிடும்?

இதில் வெயில் இன்னும் சேரவில்லை. எஞ்சினுக்கும் இறக்கைக்கும் தெரிவது காற்றின் அடர்த்தி மட்டுமே. அதைத்தான் டென்சிட்டி ஆல்டிடியூட் என்ற எண் சொல்கிறது. மனக்கணக்காகவே போடலாம். கடல் மட்டத்தில் 15 டிகிரி, ஆயிரம் அடிக்கு 2 டிகிரி குறைவு என்பது நிலையான வெப்பநிலை. அதைவிடக் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடியை உயரத்தோடு கூட்டுங்கள். சேலம் விமான நிலையம் சுமார் 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே இருக்க வேண்டியது 13 டிகிரி. மே மாத மதியம் 38 டிகிரி என்றால் 25 டிகிரி கூடுதல், அதாவது 3,000 அடி. நீங்கள் பழகிய ஓடுதளமே அன்று 4,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். இதே கணக்கைக் கொலராடோவின் லெட்வில் விமான நிலையத்துக்குப் போடுங்கள். வட அமெரிக்காவிலேயே உயரமான விமான நிலையம் அது: 9,934 அடி. இதமான 20 டிகிரி நாளில்கூட டென்சிட்டி ஆல்டிடியூட் ஏறத்தாழ 12,900 அடி. விமானம் தரையில் நிற்கும்போதே அதன் சக்தியில் கணிசமான பங்கு போய்விட்டது. காற்றை அழுத்திக் கொடுக்கும் டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கிறது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 10,000 அடியில் ஏறும் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.4 கடல் மைல் (ஒரு கடல் மைல் 1.85 கிலோமீட்டர்) நகர்வீர்கள். 280 அடி ஏற்றத்தை அதால் வகுத்தால் கடல் மைலுக்கு 200 அடி. எதிரே உள்ள பள்ளத்தாக்கின் தரை கடல் மைலுக்கு 300 அடி உயர்ந்தால், ஏறிக்கொண்டே போகிற உங்களைத் தரை எட்டிப் பிடித்துவிடும். ஜன்னல் வழியே பார்க்கும்போது இது தெரியாது. உயரம் காட்டும் அல்டிமீட்டரும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். எனவே கணவாயின் உயரம் தேவைப்படும் இடத்துக்கு வருவதற்கு முன்பே, சமவெளியின் மேல் வட்டமிட்டு ஏறி முடித்துவிடுங்கள். மலைக்குள் போய் ஏறிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும்.

கேள்வி: பள்ளத்தாக்குக்குள் போனபின் திரும்பியாக வேண்டிய நிலை வந்தால் எப்படித் திரும்ப வேண்டும்? எந்தப் பக்கம் ஒட்டிப் பறப்பது? நடுவில் போனால் இருபுறமும் மலை தூரமாக இருக்குமே?
*(மாணவி, கோயம்புத்தூர்)*

பதில்: பாதுகாப்பு என்று தோன்றினாலும், நடுவில் பறப்பதுதான் மோசமான இடம். திரும்ப வேண்டிய நேரத்தில் பள்ளத்தாக்கின் பாதி அகலம்தான் உங்கள் கையில் இருக்கும். ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் பறந்தால் முழு அகலமும் கிடைக்கும்.

எந்தப் பக்கம் என்பதைக் காற்று தீர்மானிக்கட்டும். பள்ளத்தாக்கின் குறுக்கே காற்று வீசினால், அது எந்தச் சரிவில் மோதி மேலே எழுகிறதோ அந்தச் சரிவின் அருகே இருங்கள். இதில் இரண்டு லாபம் உண்டு. எழும் காற்று உங்களைத் தூக்கிக்கொடுக்கிறது. திரும்பும்போது காற்றை எதிர்த்துத் திரும்புவதால் தரைமேல் வட்டம் சிறிதாகிறது. எதிர்ப்பக்கத்தில் இருந்தால் கீழிறங்கும் காற்று ஒருபுறம். திரும்பும்போது அதே காற்று உங்களை எதிர்ச்சுவரை நோக்கித் தள்ளுவது மறுபுறம். காற்றே இல்லையென்றால் வலப்பக்கம் ஒட்டிச் செல்வது வழக்கம்; எதிரே வரும் விமானமும் தன் வலத்தில் வரும்.

இப்போது அளவுகளைப் பார்ப்போம். திரும்பும் வட்டத்தின் ஆரத்தை அடியில் கண்டுபிடிக்க, உண்மை வேகத்தை (காற்றினூடே விமானம் உண்மையில் நகரும் வேகத்தை) நாட் கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று எடுத்து, அதனாலேயே பெருக்கி, 11.26-ஆலும் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட்டாலும் வகுக்க வேண்டும். கருவியில் 75 நாட் காட்டினால் 10,000 அடியில் உண்மை வேகம் 90 நாட், ஏனென்றால் ஆயிரம் அடிக்கு 2 சதவீதம் கூடுகிறது. 30 டிகிரி சாய்வில் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 2,500 அடி. 45 டிகிரி சாய்த்தால் 1,440 அடி. வேகத்தைக் குறைக்காமல் 120 நாட் உண்மை வேகத்திலேயே திரும்பினால் 30 டிகிரியில் 4,400 அடிக்கு மேல்; 45 டிகிரியில்கூட 2,560 அடி. கணக்கில் வேகத்தின் வர்க்கம் வருவதால்தான் இவ்வளவு வித்தியாசம். சாய்வை அதிகமாக்குவதைவிட முதலில் வேகத்தைக் குறைப்பது ஏன் முக்கியம் என்பது இதிலேயே தெரிகிறது.

காற்றையும் சேருங்கள். 90 நாட்டில் 45 டிகிரி சாய்த்தால் அரைவட்டம் முடிய 15 விநாடி ஆகும். அந்த நேரத்தில் 20 நாட் காற்று உங்களை 500 அடி நகர்த்திவிடும். சரியான பக்கத்தில் இருந்தால் 500 அடி மிச்சம், தவறான பக்கத்தில் இருந்தால் 500 அடி நஷ்டம். திரும்ப முடிவெடுத்துச் சாய்க்கும் இரண்டு மூன்று விநாடியில் 300 முதல் 450 அடி முன்னால் ஓடிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆகவே கணக்கில் வரும் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு அகலம் இல்லாத பள்ளத்தாக்குக்குள் மாணவர் நுழையவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

செய்முறை இது. குறுகலான இடத்துக்குள் வரும் முன்பே வேகத்தை 75 முதல் 80 நாட்டுக்குக் கொண்டுவந்து, ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பு மடலை) 10 டிகிரி இறக்கிவிடுங்கள். திரும்பும்போது எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுவதும் தள்ளிக்கொண்டே 45 டிகிரிக்குச் சாயுங்கள். ஏர்ஸ்பீடு 70-க்குக் கீழே போக விடாதீர்கள். அந்த உயரத்தில் எஞ்சினுக்கு மிச்ச சக்தி இல்லாததால் நூறு இருநூறு அடி இறங்கும். இறங்கட்டும். மூக்கைத் தூக்கி உயரத்தைப் பிடித்து வைக்கப் பார்த்தால் ஸ்டால்தான் (இறக்கை தூக்கும் சக்தியை இழப்பதுதான்) வரும். ஃபிளாப் இல்லாமல் நேராகப் பறக்கும்போது 48 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம், 45 டிகிரி சாய்வில் 57 நாட்டிலும், 60 டிகிரியில் 68 நாட்டிலும் ஆகும். 75 நாட்டில் 60 டிகிரி சாய்த்தால் ஒரு சிறு காற்றுவீச்சே மிச்ச இடைவெளியைத் தின்றுவிடும். திரும்புவதைக் காட்டும் கருவியில் உள்ள பந்து நடுவில் இருக்க வேண்டும். மலை நெருங்குவதைப் பார்த்துப் பதறி ரடரை (வால் திசைமாற்றியை) அதிகமாக மிதிப்பவர்கள்தான் ஸ்பின்னில், அதாவது சுழன்றபடி, விழுகிறார்கள். இறக்கைகள் சமமான பிறகே ஃபிளாப்பை மேலே எடுங்கள்.

இத்தனையும் கற்றிருந்தாலும் மேலான வழி ஒன்று உண்டு: பள்ளத்தாக்கில் கீழிருந்து மேல்நோக்கிப் பறக்காதீர்கள். மேல்முனையில் போதிய உயரத்தோடு நுழைந்து, தண்ணீர் ஓடும் திசையில் கீழே இறங்கி வாருங்கள். அப்போது தரை உங்களை விட்டு விலகிக்கொண்டே போகும்.

இதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 1970 அக்டோபர் 2 அன்று கொலராடோவில் நடந்த விபத்து இன்றும் பாடமாக இருக்கிறது. விசிட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியினர் இரண்டு மார்ட்டின் 404 விமானங்களில் யூட்டா மாநிலத்தின் லோகன் நகருக்குப் போனார்கள். ஒன்று வழக்கமான பாதையில் சென்று பத்திரமாக இறங்கியது. மற்றொன்று டென்வரில் எரிபொருள் நிரப்பியபின், பயணிகளுக்கு மலை அழகைக் காட்டுவதற்காக, லவ்லேண்ட் கணவாயை நோக்கி ஏறும் பள்ளத்தாக்குக்குள் போனது. அந்த வழிக்கான வரைபடத்தை டென்வரில்தான் வாங்கினார்கள். படித்துப் பார்க்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. எதிரே கணவாய் 12,000 அடி. ஏறித் தாண்டவும் முடியவில்லை, திரும்பவும் இடமில்லை. விமானத்தில் இருந்த 40 பேரில் 31 பேர் இறந்தார்கள். ஏறவும் முடியாத, திரும்பவும் முடியாத உயரத்தில் வேண்டுமென்றே பள்ளத்தாக்குக்குள் பறந்ததே காரணம் என்று அமெரிக்கப் புலனாய்வு வாரியம் எழுதியது. எஞ்சின் இரண்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

கேள்வி: பயிற்றுநராக இருக்கிறேன். என் மாணவர்கள் கடற்கரைச் சமவெளியில் நன்றாகப் பறக்கிறார்கள். மத்திய மலைநாட்டின் பக்கம் கொண்டு போகும் முன் என்ன வரிசையில் கற்பிக்க வேண்டும்? பொதுவாக எங்கே பிசகுகிறார்கள்?
*(பயிற்றுநர், இரத்மலானை, இலங்கை)*

பதில்: முதல் பாடம் மேசைமேல் நடக்கட்டும். போகும் வழியை வரைபடத் தாளில் பக்கவாட்டுத் தோற்றமாக மாணவரே வரைய வேண்டும். கிடைக்கோட்டில் தூரம், செங்குத்தில் தரையின் உயரம். கோட்டின் இருபுறமும் 5 கடல் மைலுக்குள் உள்ள மிக உயர்ந்த இடத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதன்மேல் விமானம் ஏறும் கோட்டையும் வரைந்தால், எங்கே இரண்டும் வெட்டிக்கொள்கின்றன என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதற்கு முன்னால், திரும்பியே ஆக வேண்டிய இடத்தைச் சிவப்பில் குறிக்கட்டும். பிறகு பள்ளத்தாக்கின் அகலம். ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுள்ள வரைபடத்தில் ஒரு கடல் மைல் என்பது 3.7 மில்லிமீட்டர்தான். முன்பு சொன்ன 1,440 அடி விட்டத்தின் இரண்டு மடங்கு, அதாவது ஏறத்தாழ 3,000 அடி அகலம், தாளில் 1.8 மில்லிமீட்டர். விரல்நுனியால் மறைக்கும் அளவுள்ள இடத்துக்குள் தன் விமானம் திரும்ப வேண்டும் என்பதை ஸ்கேல் வைத்து அளந்த மாணவர் பிறகு மறப்பதில்லை.

வானத்தில் முதல் பாடம் சமவெளியில், தரையிலிருந்து 3,000 அடிக்கு மேல். மெதுவாகப் பறத்தல், 45 டிகிரி சாய்வில் ஸ்டாலும் அதிலிருந்து மீள்வதும், ஃபிளாப் இறக்கித் திரும்புதல். நேரான சாலையையோ ரயில் பாதையையோ ஒரு பக்கச் சுவர் என்று வைத்துக்கொண்டு அதை ஒட்டிப் பறந்து திரும்பச் சொல்லுங்கள். ஜிபிஎஸ் பதிவை இறக்கி, வரைந்த வட்டத்தை அளந்து கணக்கோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் கணக்கைவிடப் பெரிதாகத்தான் வரும். சாய்ப்பதற்கு முன் வேகத்தைக் குறைத்திருக்க மாட்டார். அல்லது 45 என்று நினைத்து 35 டிகிரியில் நின்றிருப்பார். இதே பயிற்சியைக் காற்று வீசும் நாளில் இருபுறமும் செய்ய வைத்தால், காற்றை எதிர்த்துத் திரும்புவதற்கும் காற்றோடு திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம் அளவாகவே கையில் வந்துவிடும்.

அடுத்து, சமவெளியின் மேலேயே 9,000, 10,000 அடிக்கு ஏறுங்கள். ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறும் வீதத்தை மாணவர் எழுதிக்கொள்ளட்டும். மிக்ஸ்சரை (காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை) எப்படிக் குறைப்பது, குறைக்காவிட்டால் எஞ்சின் எப்படித் திணறுகிறது என்பதை இங்கேதான் பழக்க வேண்டும். பழைய விமானம் கையேட்டு எண்ணை எட்டாது என்பதும் இங்கே வெளிப்படும். அந்தப் பட்டியலே அவருடைய விமானத்துக்கான உண்மையான கையேடு.

அதன்பிறகு ஒற்றை மலை. காற்று 10 முதல் 15 நாட் இருக்கும் காலையில், உச்சிக்கு மேல் ஆயிரம் அடி வைத்து, முதலில் காற்று மோதும் பக்கமும் பிறகு மறைவுப் பக்கமும் அழைத்துப் போங்கள். த்ராட்டிலையும் மூக்கின் நிலையையும் மாற்றாமல் வைத்துக்கொண்டு ஏறும், இறங்கும் வீதத்தைக் காட்டும் வேரியோமீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆற்றில் பாறையைத் தாண்டும் நீர் மறுபுறம் சரிந்து சுழல்வது போலத்தான் காற்றும் நடந்துகொள்கிறது. ஆனால் காற்று கண்ணுக்குத் தெரியாததால் முள் அசைவதைப் பார்த்தால்தான் நம்புவார்கள். முகடு தாண்டும் பாடமும், மேலிருந்து பள்ளத்தாக்கில் இறங்கும் பாடமும் கடைசியில் வரட்டும்.

பிசகும் இடங்களில் முக்கியமானது தொடுவானம். சமவெளி மாணவர் மூக்கின் நிலையைத் தொடுவானத்தோடு ஒப்பிட்டே பழகியவர். மலைக்குள் உண்மையான தொடுவானம் மறைந்துவிடுகிறது. மெல்ல உயரும் சரிவையோ முகட்டின் விளிம்பையோ தொடுவானமாக எடுத்துக்கொண்டு, தன்னை அறியாமல் மூக்கைத் தூக்குவார். வேகம் 90, 80, 70 என்று கரையும். அவர் கண் வெளியிலேயே இருக்கும். ‘வேகம்?’ என்று அடிக்கடி கேட்டு அவரை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். மலையடிவாரம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அந்த மட்டத்தில் தொடுவானம் இருப்பதாக மனத்தில் கோடு போடப் பழக்குங்கள்.

இன்னொரு கேள்வியையும் ஓயாமல் கேளுங்கள்: ‘இந்த நொடி திரும்ப வேண்டும் என்றால் எந்தப் பக்கம்? இடம் இருக்கிறதா?’ பதில் உடனே வராவிட்டால் அப்போதே திரும்பச் சொல்லுங்கள். மதிப்பெண் போடும்போது கவனியுங்கள்: கடைசி நொடியில் கச்சிதமாகத் திரும்பியவரைவிட, ஐந்து மைல் முன்னாலேயே ‘எனக்குச் சரியாகப் படவில்லை’ என்று திரும்பியவருக்குத்தான் கூடுதல் மதிப்பெண் தர வேண்டும். பயிற்றுநர் முகம் சுளித்தால் மாணவர் அடுத்த முறை திரும்ப மாட்டார். தனியாகப் பறக்கும் நாளில் அந்தத் தயக்கமே அவருக்கு எமனாகும்.

கேள்வி: முகட்டை எந்தக் கோணத்தில், எவ்வளவு உயரத்தில் தாண்ட வேண்டும்? தாண்டிவிடுவோமா என்பதைத் தூரத்திலிருந்தே அறிய முடியுமா?
*(வாசகர், திருநெல்வேலி)*

பதில்: அறிய முடியும். நெருங்க நெருங்க முகட்டுக்குப் பின்னால் உள்ள நிலம் மேலும் மேலும் தெரிந்துகொண்டே வந்தால் நீங்கள் முகட்டைவிட உயரத்தில் இருக்கிறீர்கள். தெரிந்த நிலம் மறைந்துகொண்டே வந்தால் அந்த உயரம் போதாது. அப்போதே விலகிவிட வேண்டும்.

காற்று அமைதியாக இருந்தால் முகட்டுக்கு மேல் 1,000 அடி. 20 நாட் நெருங்கினால் 2,000 அடி. முகட்டு உயரத்தில் 25 நாட்டுக்கு மேல் என்று முன்னறிவிப்பு சொன்னால் மாணவருக்கு அன்று மலைப் பயிற்சி வேண்டாம். கணவாயில் காற்று நெருக்கப்பட்டு வேகம் கூடும். பாலக்காட்டுக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் தென்மேற்குப் பருவக்காற்று அப்படித்தான் சீறுகிறது. அந்த வழிகளில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதற்குக் காரணமும் அதுவே. சில மைல் தள்ளியுள்ள நிலையத்தில் பதிவான காற்றைக் கணவாய்க்கும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோணம் 45 டிகிரி. முகட்டுக்கு நேர் எதிராகப் போனால், கீழே இழுக்கும்போது தப்பிக்க ஏறத்தாழ முழு அரைவட்டம் அடிக்க வேண்டும். சாய்வாகப் போனால் 90 டிகிரி திரும்பினாலே முகடு முதுகுப்பக்கம் போய்விடும். த்ராட்டிலை மூடினாலும் மறுபக்கத் தாழ்நிலத்துக்கு இறங்கிவிட முடியும் என்ற இடம் வந்ததும், முகட்டுக்குச் செங்குத்தாகத் திரும்பி வேகமாக வெளியேறுங்கள். மறைவுப் பக்கத்துக் கீழ்க்காற்றில் நிற்கும் நேரம் அப்போது குறையும்.

காற்றோடு முகட்டை நோக்கிப் போவதைவிட, காற்றை எதிர்த்துப் போவது அதிக ஆபத்தானது. கீழ்க்காற்று முகட்டுக்கு முன்னாலேயே காத்திருக்கும், தரைவேகமும் குறைவு என்பதால் அதற்குள் நீண்ட நேரம் சிக்கியிருப்பீர்கள். உயரத்தை மூன்று முதல் ஐந்து மைல் முன்பே சேர்த்துக்கொண்டு வாருங்கள். சிக்கிவிட்டால் மூக்கைத் தூக்காமல் வேகத்தைக் காத்து, தாழ்நிலத்தை நோக்கித் திரும்புங்கள்.

கேள்வி: மலைகளுக்கு மேல் பருப்பு வடிவில் அசையாமல் நிற்கும் மேகம் எதைக் காட்டுகிறது?
*(பள்ளி மாணவர், தேனி)*

பதில்: மலையைத் தாண்டிய பலத்த காற்று அலை அலையாக ஏறி இறங்குவதைக் காட்டுகிறது. மேகம் நிற்கிறது, காற்று அதன் ஊடே ஓடுகிறது. அந்த அலையின் கீழே, மலை உச்சி மட்டத்தில், சுழலும் காற்று இருக்கும். அங்கே காய்ந்த காற்றாக இருந்தால் மேகமே தோன்றாமல் சுழல் மட்டும் இருக்கும். 1966 மார்ச் 5 அன்று ஜப்பானின் ஃபூஜி மலையருகே தெளிந்த வானத்தில் பிரிட்டனின் பிஓஏசி விமான நிறுவனத்தின் போயிங் 707 ஒன்று இத்தகைய கொந்தளிப்பில் நடுவானிலேயே சிதறி 124 பேர் இறந்தார்கள். இந்த மேகத்தைப் பார்த்தால் சிறு விமானத்துக்கு அன்று மலை வேண்டாம்.

கேள்வி: குன்னூர் ஹெலிகாப்டர் விபத்துக்கு மேகமே காரணம் என்றார்கள். அனுபவமுள்ள விமானிகளுக்கே இப்படி என்றால், மாணவருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?
*(வாசகர், மேட்டுப்பாளையம்)*

பதில்: 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிச் சென்ற எம்ஐ-17வி5 விபத்தைக் கேட்கிறீர்கள். முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரையும் இழந்தோம். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததாகவும், விமானிக்குத் திசையுணர்வு குழம்பிக் கட்டுப்பாட்டில் இருந்தபடியே மலையில் மோதியதாகவும் விசாரணை நீதிமன்றத்தின் முதற்கட்ட முடிவு 2022 ஜனவரியில் வெளியானது. இயந்திரக் கோளாறும் நாசவேலையும் இல்லை என்றும் அது தெளிவாக்கியது.

மலைச்சரிவில் மேகம் எங்கிருந்தோ வந்து மூடுவதில்லை. ஈரக்காற்று சரிவில் ஏறிக் குளிர்ந்து அந்த இடத்திலேயே உருவாகிறது. அதனால் உங்களுக்கு முன்னால் மட்டுமல்ல, பின்னாலும் உருவாகும். உள்ளே வந்த வழி பத்து நிமிடத்தில் இல்லாமல் போகலாம். அடிவாரத்தில் இருக்கும்போதே இதைக் கணிக்க ஒரு வழி உண்டு. வெப்பநிலையிலிருந்து பனிநிலையை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையை) கழித்து 2.5-ஆல் வகுத்தால், தரையிலிருந்து மேகத்தின் அடிப்பகுதி எத்தனை ஆயிரம் அடியில் இருக்கும் என்பது தோராயமாகக் கிடைக்கும். கோவையில் 24 டிகிரி, பனிநிலை 19 என்றால் 2,000 அடி. விமான நிலையம் சுமார் 1,300 அடி உயரத்தில் இருப்பதால் கடல் மட்டத்திலிருந்து 3,300 அடி. அதற்கு மேலே உள்ள நீலகிரிச் சரிவு முழுவதும் மேகத்துக்குள் இருக்க வாய்ப்புண்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கோவையில் நின்று பார்த்தால் வானம் பறப்பதற்குத் தோதாகவே தெரியும்.

மாணவருக்கான எல்லை: கணவாய்க்கு மேல் மேக அடிப்பகுதி 2,000 அடியாவது இருக்க வேண்டும், பார்வைத் தூரம் 10 கிலோமீட்டர் வேண்டும், கணவாயின் மறுபக்கம் கண்ணால் தெரிய வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் போக வேண்டாம். கருவிகளைப் பார்த்துப் பறக்கும் பயிற்சி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது சமவெளியில் மேகத்துக்குள் சிக்கினால் காப்பாற்றும். இருபுறமும் மலை உள்ள இடத்தில் செயற்கைத் தொடுவானம் இறக்கைகளைச் சமமாக வைக்க உதவுமே தவிர, பக்கத்துச் சுவர் எவ்வளவு தூரம் என்று சொல்லாது.

கேள்வி: இப்போது திரையிலேயே மலையைச் சிவப்பிலும் மஞ்சளிலும் காட்டுகிறதே. அது போதாதா?
*(வாசகர், சென்னை)*

பதில்: ஜி1000 என்ற விமானக் கருவித் திரையில் சிவப்பு என்றால் அந்த நிலம் உங்களைவிட உயரம், அல்லது உங்களுக்குக் கீழே 100 அடிக்குள் இருக்கிறது என்று பொருள். மஞ்சள் 100 முதல் 1,000 அடி வரை. இப்போதுள்ள உயரத்தை மட்டும் வைத்து அது சொல்கிறது. விமானம் இனி எவ்வளவு ஏறும், காற்று எவ்வளவு இழுக்கும், திரும்ப இடம் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சிவப்பு தெரியும் நேரத்தில் முடிவெடுக்கும் இடத்தைத் தாண்டியிருப்பீர்கள்.

கேள்வி: உயரமான விமான நிலையத்தில் இறங்கும்போது வேகத்தைக் கூட்ட வேண்டுமா? அங்கிருந்து கிளம்பும்போது என்ன கவனிக்க வேண்டும்?
*(மாணவர், சேலம்)*

பதில்: கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கருவியில் காட்டும் வேகம் கடல் மட்டத்தில் எதுவோ அதுவே. ஆனால் 10,000 அடியில் உண்மை வேகம் 20 சதவீதம் கூடுதலாக இருப்பதால் ஓடுதளம் பாய்ந்து வருவது போலத் தெரியும். அதைப் பார்த்து வேகத்தைக் குறைப்பவர் ஓடுதளத்துக்கு முன்பே ஸ்டால் ஆகிறார். சரிவான ஓடுதளத்தில் கண் வேறுவிதமாக ஏமாற்றும். மேல்நோக்கி ஏறும் ஓடுதளத்தை நெருங்கும்போது நாம் அதிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். அதை நம்பி இறங்கினால் ஓடுதளத்துக்கு முன்னாலேயே தரை வந்துவிடும். நேபாளத்தின் லுக்லா இதற்குக் கடுமையான உதாரணம்: 2,845 மீட்டர் உயரம், 527 மீட்டர் நீளம், 11.7 சதவீதச் சரிவு. மேல்நோக்கி இறங்கி, கீழ்நோக்கிக் கிளம்புகிறார்கள். கடைசி நேரத்தில் விட்டு மேலெழ அங்கே வழி கிடையாது. மாணவருக்கு உரிய இடமல்ல அது.

கிளம்பும்போது மிக்ஸ்சரைக் கையேட்டில் சொன்னபடி அந்த உயரத்துக்கு ஏற்பக் குறைத்து, அதிக ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) வரும் இடத்தில் வையுங்கள். சமவெளிப் பழக்கத்தில் முழுவதும் உள்ளே தள்ளிவிட்டு ஓடினால், ஏற்கெனவே குறைந்த சக்தியில் இன்னும் குறையும். ஓடுதளத்தின் பாதியில் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். எழும் வேகத்தில் 70 சதவீதம் அங்கே வந்திருக்க வேண்டும். 55 நாட்டில் எழுவதானால் 39 நாட். வரவில்லையென்றால் த்ராட்டிலை மூடி நின்றுவிடுங்கள். எடையைக் குறைத்தோ, விடியற்காலைக் குளிரிலோ மறுபடி முயலலாம். கோடைகாலத்தில் மலைப் பயிற்சியைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

கேள்வி: என் மகன் கொலராடோவில் பயிற்சியில் இருக்கிறான். எனக்கு விமானம் பற்றி எதுவும் தெரியாது. அவனிடம் நான் என்ன கேட்க வேண்டும்?
*(ஒரு தாய், திருச்சி)*

பதில்: அம்மா, நான்கு கேள்விகள் போதும். மலைக்குப் போகும் முன் அந்தப் பகுதியில் பழக்கமுள்ள பயிற்றுநரோடு பறந்தாயா? கிளம்பும் முன் எந்த வழியில், எத்தனை மணிக்கு வந்து சேர்வாய் என்று ஃபிளைட் பிளான் பதிவு செய்கிறாயா? விபத்து நேர்ந்தால் தேடுவோருக்கு சமிக்ஞை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பி விமானத்தில் வேலை செய்கிறதா? கம்பளி உடை, தண்ணீர், உணவு, விசில், வெளிச்சம் காட்டும் கண்ணாடி எல்லாம் பின்சீட்டில் இல்லாமல் உடலோடு இருக்கின்றனவா? கடைசிக் கேள்விக்கு மாணவர்கள் பலர் விழிப்பார்கள். இறங்கிய விமானத்திலிருந்து அவசரமாக வெளியேற நேர்ந்தால், சட்டைப்பையிலும் இடுப்புப்பையிலும் இருப்பது மட்டுமே கூட வரும். கொலராடோ மலைகளில் கோடையிலும் இரவில் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும்.

பிராணவாயு பற்றியும் கேளுங்கள். அமெரிக்க விதிப்படி 12,500 அடிக்கு மேல் 14,000 அடி வரை அரை மணிக்கு மேல் பறந்தால் விமானி பிராணவாயு எடுத்தாக வேண்டும். 14,000 அடிக்கு மேல் எப்போதும். கடற்கரையோரம் வளர்ந்த பிள்ளைக்கு அதற்குக் கீழேயே தலை கனக்கலாம். 10,000 அடியைத் தாண்டும்போதே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.